லவ்-ஓ-மீட்டரும் கரிசல் வெயிலும்

அர்டுயினோ ஸ்டார்ட்டர் கிட்டோடு ஒரு புத்தகம் வரும். 2012-ல் வெளிவந்தது, ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டும் மைக்கேல் ஷைலோவும் எழுதித் தொகுத்தது. மொத்தம் 15 ப்ராஜெக்ட். மைக்ரோகன்ட்ரோலர் போர்டை முதல்முறை கையில் எடுப்பவருக்கு இதைவிடத் தெளிவாகப் படம் போட்ட புத்தகத்தை நான் பார்த்ததில்லை. யூடியூபில் தமிழில் வரும் பாடங்களில் பாதியும், நகல் கிட்டுகளோடு வரும் பிடிஎஃப்களும் இதன் பேரப்பிள்ளைகள் மாதிரிதான் எனக்குத் தெரிகின்றன. அதனால் இதையே எடுத்துக்கொண்டு, அருப்புக்கோட்டை – திருச்சுழி பக்கத்துப் பிள்ளை ஒன்று வாசித்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

மூன்றாவது ப்ராஜெக்டின் பெயர் லவ்-ஓ-மீட்டர். ஒரு வெப்ப சென்சார், மூன்று எல்.இ.டி. சென்சாரை விரலால் பிடித்தால் உடம்புச் சூட்டில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். நிரலில் அறையின் அடிப்படை வெப்பம் 20 டிகிரி என்று எழுதியிருக்கிறது. 22-ல் ஒரு விளக்கு, 24-ல் இரண்டு, 26-ல் மூன்றும்.

எங்கள் ஊரில் மே மாத மத்தியானம் சாதாரணமாக 38 டிகிரி. போர்டுக்குக் கரண்ட் கொடுத்ததும் மூன்று விளக்கும் எரிந்துவிடும், யாரும் தொட வேண்டாம். உங்கள் அறைக்கு ஏற்ப அந்த எண்ணை மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். சரி, 38 என்று மாற்றுங்கள். விரலின் சூடு 33, 34 டிகிரிதான் இருக்கும். இப்போது தொட்டால் சென்சார் குளிரும்! மீட்டர் தலைகீழாக ஓடும். இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. 'மனித உடம்பு சுற்றுப்புறத்தைவிடச் சூடானது' என்பது அந்தப் பக்கத்தில் எழுதப்படாமலே இருக்கிற ஒரு அனுமானம். அது எந்த ஊரில் எழுதப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுப்பதும் அதுதான். நல்ல வாத்தியார் ஒருவர் இதே கோளாறை வைத்து ஒரு வகுப்பே நடத்திவிடுவார். ஆனால் தனியாக உட்கார்ந்து படிக்கிற பிள்ளை, 'எனக்குத்தான் வரலை' என்று கிட்டை மூடி வைத்துவிடும்.

புத்தகம் ஏன் இப்படி என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. அர்டுயினோ 2005-ல் இத்தாலியின் இவ்ரேயாவில் ஒரு டிசைன் கல்லூரியில் பிறந்தது. அதற்கு முன்னோடி, அதே கல்லூரியில் எர்னாண்டோ பார்ராகான் 2003-ல் செய்த வயரிங் என்ற ஆய்வுத் திட்டம். டிசைன் மாணவர்கள் மேசைமேல் வைத்து, யு.எஸ்.பி. கேபிளைச் செருகி, கைதட்டினால் ஆடுகிற பொம்மை செய்யத்தான் அந்த போர்டு. 15 ப்ராஜெக்டும் மேசையைவிட்டு இறங்காது. அந்த வேலையை அது அழகாகவே செய்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை, அதை இங்கே இறக்கி 'விவசாயத்துக்கு' என்று பெயர் மாற்றியதில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்ற ஒன்றிய அரசுப் பட்டியலில் இருப்பவை இரண்டே: விருதுநகர், ராமநாதபுரம். 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். 6 முதல் 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு போர்டு, சென்சார் எல்லாம் கைக்கு வரும். நல்ல திட்டம். ஆனால் எந்த அறிவியல் கண்காட்சிக்குப் போனாலும் கட்டாயம் ஒரு மேசையில் 'ஸ்மார்ட் பாசனம்' இருக்கும். ஒரு தொட்டிச் செடி, மண்ணில் குத்திய இரண்டு கால் சென்சார், ஒரு ரிலே, தம்ளர் தண்ணீரில் குட்டி மோட்டார். மண் காய்ந்தால் மோட்டார் ஓடும். கைதட்டல்.

திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் பெரும்பாலும் மானாவாரி, மிச்சம் கண்மாய்ப் பாசனம். மானாவாரிக் காட்டில் ஈரம் இல்லை என்று போர்டு சொன்னால், எதைத் திறந்துவிடுவது? வானத்தையா?

சரி, கிணறோ போரோ இருக்கிற காடு என்றே வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு கால் சென்சார் மண்ணின் மின்கடத்தலைத்தான் அளக்கிறது. உப்புத் தண்ணீர் பாய்ந்த மண் நன்றாகக் கடத்தும், அதனால் இருப்பதைவிட அதிக ஈரம் காட்டும். டி.சி. கரண்ட் ஓயாமல் ஓடினால் ஒரு கால் மின்னாற்பகுப்பில் அரித்துப்போகும். போர்டின் 0 முதல் 1023 வரையான அளவில் '500-க்கு மேலே போனால் காய்ந்த மண்' என்று பாடம் சொல்லும். அந்த 500 எந்த மண்ணுக்கு? மணலில் 10 சதவீத ஈரம் இருந்தாலே பயிருக்குப் போதும். கரிசலின் களி தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே செடி வாடலாம். போதாததற்கு, கோடையில் கரிசல் கைநுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். சென்சார் அந்த வெடிப்பில் மாட்டினால் காற்றைத்தான் அளக்கும்.

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வருவது ஒரே ஒரு வரியில்: 'குட்டி மோட்டாருக்குப் பதிலாக உங்கள் பம்ப்செட்டை ரிலேயில் இணைக்கலாம்.' நீல நிற ஐந்து வோல்ட் ரிலேயில் மூன்று ஃபேஸ் மோட்டாரா? அங்கே ஓடுவது 415 வோல்ட். நடுவில் கான்டாக்டர் வேண்டும், ஓவர்லோடு ரிலே வேண்டும், ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்த வழி வேண்டும். 14 வயசுப் பிள்ளை படிக்கிற பக்கத்தில் இதை ஒரு வரியாக எழுதிவிட்டுப் போவது உயிரோடு விளையாடுவது.

வேடிக்கை என்னவென்றால், பல மோட்டார் ரூம்களில் மைக்ரோகன்ட்ரோலர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டது. மொபைல் ஸ்டார்ட்டர் என்று நாம் சொல்கிற, சிம் போட்ட பெட்டி. வீட்டிலிருந்து போன் அடித்தால் மோட்டார் ஓடும். மூன்று ஃபேஸும் இருக்கிறதா என்று பார்க்கும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும். ராத்திரி கரண்ட் வரும் நேரத்துக்கு டார்ச் அடித்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து காட்டுக்குப் போன அப்பாக்களுக்கு இதன் அருமை தெரியும். எந்தத் தொடக்கப் பாடத்திலும் இந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்படியானால் எதில் தொடங்குவது? மழைமானியில் என்பேன். ஒரு புனல், அதன் கீழே சீசா மாதிரி இரண்டு பக்கமும் சாயும் சிறு கிண்ணம், கிண்ணத்தில் ஒரு காந்தம், பக்கத்தில் ஒரு ரீட் ஸ்விட்ச். புனலின் வாய் 20 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். கிண்ணம் 6.3 மில்லிலிட்டரில் சாயும்படி சரிசெய்தால் ஒவ்வொரு சாய்வும் 0.2 மில்லிமீட்டர் மழை. ஊசி போடும் சிரிஞ்சை வைத்தே சரிபார்த்துவிடலாம்.

இதைச் செய்யும்போதுதான் முதல் பாடத்தின் சேதம் தெரியும். விளக்கை மினுக்கும் நிரலில் 'டிலே' என்று எழுதி போர்டை ஒரு வினாடி சும்மா நிற்கச் சொல்கிறோம். ரீட் ஸ்விட்ச் மூடித் திறப்பது வினாடியில் ஒரு சிறு பங்கு நேரம். போர்டு நின்றுகொண்டிருக்கும்போது கிண்ணம் சாய்ந்தால் கணக்கில் வராது. புத்தகமும் எட்டாவது ப்ராஜெக்டில், டிஜிட்டல் மணற்கடிகாரத்தில், டிலே இல்லாமல் நேரத்தை எண்ணச் சொல்லித்தருகிறது. நேர்மையான இடம் அது. ஆனால் எட்டு வரைக்கும் எத்தனை பேர் போகிறார்கள்? மழைமானியில் இன்டரப்ட் முதல் நாளே தேவைப்படும்.

கரண்ட் கணக்கும் அப்படித்தான். அர்டுயினோ ஊனோ சும்மா இருக்கும்போதே 50 மில்லி ஆம்பியர் அளவில் குடிக்கும்; ஒரு 9 வோல்ட் பேட்டரி பத்து மணி நேரம் தாங்கினால் அதிகம். மழை வருவதோ மூன்று வாரம் கழித்து, ஒரு ராத்திரியில். மணிக்கு 60 மில்லிமீட்டர் கொட்டினாலும் ஒரு சாய்வுக்கும் அடுத்த சாய்வுக்கும் இடையில் 12 வினாடி இருக்கிறது. அத்தனை நேரமும் சில்லைத் தூங்க வைக்கலாம். ஊனோவில் இருக்கிற அதே ஏ.டி.மெகா 328-பி சில்லைத் தனியாக எடுத்துத் தூங்கவிட்டால் மூன்று பென்சில் செல்லில் மாதக்கணக்கில் ஓடும். எண்ணிக்கையை அதன் ஈப்ராமில் எழுதிவைக்கலாம். ஒரே இடத்தில் ஒரு லட்சம் தடவை எழுதலாம் என்கிறார்கள். வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் என்றால் 4000 சாய்வு, 25 வருஷத்துக்குக் காணும்.

திருவனந்தபுரம் சி-டாக் தன் வேகா வரிசைச் சில்லை வைத்து ஏரிஸ் என்று ஒரு போர்டு செய்திருக்கிறது. அர்டுயினோ மென்பொருளிலேயே அதற்கும் நிரல் எழுதலாம். அதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: நிரலை ரேமில் ஏற்றினால் கரண்ட் போனதும் அழிந்துவிடும், ஃபிளாஷில் ஏற்ற வேறு தேர்வு உண்டு. ஒரு மின்வெட்டில் கணக்கு காணாமல் போகிற ஊரில் இதுதான் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய செய்தி.

மழைமானி தருகிற எண்ணை என்ன செய்வது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எங்கள் பக்கத்துச் சம்சாரிகள் மழையை மில்லிமீட்டரில் சொல்வதில்லை. 'ஒரு உழவு மழை', 'ரெண்டு உழவு மழை' என்பார்கள். ஏர் இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்திருக்கிறதா என்பதுதான் கணக்கு. விதைப்பதா, பொறுப்பதா என்ற முடிவு அதில் நிற்கிறது. அரை உழவை நம்பி விதைத்தால் விதை மண்ணுக்குள்ளேயே கெட்டுப்போகும். உங்கள் கரிசலில் ஒரு உழவு என்பது எத்தனை மில்லிமீட்டர்? பக்கத்துச் செவலில் எத்தனை? வெடிப்பு விட்டுக் கிடக்கும் மண்ணில் விழுந்த மழைக்கும், ஏற்கெனவே நனைந்த மண்ணில் விழுந்த மழைக்கும் கணக்கு ஒன்றுதானா? மழை விட்ட மறுநாள் கடப்பாரையோடு போய்த் தோண்டி, நனைந்த ஆழத்தை அளந்து, சாய்வு எண்ணிக்கைக்கு நேரே நோட்டில் எழுத வேண்டும். இரண்டு ஐப்பசி போதும், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்கள் ஊருக்கான அட்டவணையைப் போட்டுவிடுவார்கள்.

செய்கிறவர்கள் புனல் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டுங்கள். ஆவணி வெயிலில் குளவி உள்ளே போய் மண்கூடு கட்டிவிடும், முதல் மழை முழுக்க அதற்குள்ளேயே நிற்கும்.