உயர்த்தப்பட்ட கரை

கோபன்ஹேகன் நகரில் உள்ள டென்மார்க் தேசியக் கலைக்கூடத்தில் ‘ஒரு டேனியக் கடற்கரை’ என்னும் ஓவியம் இருக்கிறது. 1843-ஆம் ஆண்டில் யோஹான் தோமஸ் லுண்ட்பி தீட்டியது. ஆறடிக்கு மேல் உயரமும் எட்டடிக்கு மேல் அகலமும் கொண்ட அத்திரையில் மன்னர் இல்லை, போர் இல்லை, புராணமும் இல்லை. செங்குத்தாக எழும் மண்கரை, அதன் அடியில் கற்கள் சிதறிய மணல், மேலே மேகங்கள் திரண்ட வானம், அவ்வளவே. வரலாற்று ஓவியங்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட பேரளவை ஒரு சாதாரணக் கரைக்கு வழங்கிய துணிவை நாம் முதலில் போற்ற வேண்டும்.

அத்துணிவுக்குப் பின்னால் ஒரு நாட்டின் துயரம் உண்டு. 1807-இல் ஆங்கிலேயரின் குண்டுமழையில் கோபன்ஹேகன் எரிந்தது. 1813-இல் அரசின் கருவூலம் நொடித்தது. மறு ஆண்டு நார்வே கைவிட்டுப் போயிற்று. 1620-இல் டேனியர் கோட்டை எழுப்பத் தொடங்கிய நம் தரங்கம்பாடியும், இவ்வோவியம் பிறந்த இரண்டாம் ஆண்டில், 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. சோழமண்டலக் கரையை விற்கும் நிலைக்கு வந்த நாடு, தன் சொந்தக் கரையை அப்போதுதான் உற்று நோக்கியது போலும்! ஓவியர்கள் தம் நாட்டு உழவரிடமும் மீனவரிடமும் சென்று கற்க வேண்டும் என்று கலை அறிஞர் ஹோயன் 1844-இல் சொற்பொழிவாற்றினார். லுண்ட்பியோ அதற்கு முன்பே, தம் அன்புக்குரிய நாட்டை அதன் எளிமை குன்றாமல் தீட்டுவதே தம் வாழ்நாட் பணி என்று 1842-இல் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர்.

இங்கேதான் நமக்கொரு தடை எழுகிறது. ஷெலாந்துத் தீவில், கிட்னேஸ் என்னுமிடத்தில் அவர் கண்ட கரை உண்மையில் இத்துணை உயரமுடையதன்று. நேரில் வரைந்த சிறு படங்களைக் கொண்டு பணியறையில் அதனை வளர்த்தெடுத்தார். எளிமையை நோன்பாகக் கொண்டவர் மறு ஆண்டே இவ்வாறு செய்யலாமா? நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் இணைத்தே புலனெறி வழக்கம் கண்ட தொல்காப்பியர் மரபில் வந்த நாம், இதனைப் பொய்யென்று தள்ளிவிட மாட்டோம். ஆயினும் 1842-இல் அவர் தீட்டிய ஷெலாந்து நிலக்காட்சியையே நம் உள்ளம் நாடுகிறது. தாழ்ந்த மேடுகள், திறந்த வெளி, அகன்ற வானம். அதில் எதையும் உயர்த்திக் காட்ட வேண்டிய தேவை அவருக்கு நேரவில்லை.

மற்றொரு குறை இவர் ஒருவருடையதன்று. அத்தலைமுறை ஓவியர் பலருக்கும் பொது. குடியானவரை நிலத்தோடு பிணைத்திருந்த சட்டம் 1788-இல் நீங்கியது. ஆனால் சொந்த நிலமற்ற குடிசைவாசிகள் அதன் பின்னும் ஏராளமாக இருந்தனர். அவர்தம் கூலியும் பசியும் இந்த அழகிய வெளிகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. கோடையில் தலைநகரிலிருந்து நாட்டுப்புறம் சென்று வரைந்த கண்கள் அவை. லுண்ட்பியும் படை அதிகாரி ஒருவரின் மகனே.

இதனைச் சொல்லும்போது நம் குரலும் சற்றுத் தாழ்கிறது. தொலைநகரங்களில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு ஊரைப் பற்றி நாம் சொல்லுந்தோறும் ஏரி அகன்றுகொண்டே போகிறது. கோபுரம் ஒரு நிலை கூடுகிறது. ஏரி வற்றிய ஆண்டும், அடகு போன நிலமும், நாம் இரயிலேறிய காரணமும் அச்சித்திரத்தில் இருப்பதில்லை. லுண்ட்பியின் கரையைக் குறை கூறும் தகுதி நமக்கு எவ்வளவு உண்டு என்பதை எண்ணிப் பார்த்தே இதனை எழுதுகிறோம்.

1848-இல் போர் மூண்டபோது அவர் தாமாக முன்வந்து படையிற் சேர்ந்தார். பகைவரைக் காணுமுன்னரே, ஏப்ரல் மாதத்தில், தம் அணியினரின் துப்பாக்கிக் குண்டு தவறிப் பாய்ந்து மாண்டார். அப்போது வயது 29. இன்னும் பத்தாண்டு இருந்திருப்பின், அந்தத் திறந்த வெளியில் கூலிக்கு உழுபவனையும் கொண்டுவந்து நிறுத்தியிருப்பாரோ என்னவோ.