வீடியோ விளையாட்டும் பால்பேதமும்: ஒரு நோக்கு

வீடியோ விளையாட்டுக்கள் ஆண்பிள்ளைகளுக்கே உரியன என்ற கருத்து நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இக்கருத்து இயற்கையின் பாற்பட்டதா, வணிகத்தின் பாற்பட்டதா என்பது ஆராயத்தக்கது.

இவ்விளையாட்டின் ஆரம்ப வரலாறு இக்கருத்துக்கு அரண் செய்வதாயில்லை. 1980 இல் யப்பானில் வெளிவந்த ‘பக்-மான்’ விளையாட்டை ஆக்கிய தோரு இவாத்தானி, ஆண்களே நிறைந்திருந்த விளையாட்டு நிலையங்களுக்குப் பெண்களையும் வரவழைக்கும் நோக்குடன் அதனை அமைத்தார். 1982 இல் ‘அற்றாரி’ இயந்திரத்துக்கென வெளிவந்து புகழ்பெற்ற ‘ரிவர் ரெயிட்’, கரோல் ஷா என்ற பெண்ணின் ஆக்கமாகும்.

1983 இல் அமெரிக்காவில் இத்துறை பெருவீழ்ச்சி கண்டது. கடைக்காரர் இப்பண்டத்தை வாங்கி வைக்கத் தயங்கினர். அதே ஆண்டில் யப்பானில் ‘குடும்பக் கணினி’ என்ற பெயருடன் விற்பனைக்கு வந்த நின்டெண்டோ நிறுவனத்தின் இயந்திரம், 1985 இல் அமெரிக்கா சென்றபோது, ரோபோ ஒன்றையும் சேர்த்து விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டது. விளையாட்டுப் பொருட் கடைகளிலோ ஆண்பிள்ளைக்கு ஒரு பக்கம், பெண்பிள்ளைக்கு ஒரு பக்கம் என்ற பிரிவு முன்னரே நிலவியது. இயந்திரம் முதற் பக்கத்தைச் சார்ந்தது. விளம்பரங்களும் பெரும்பாலும் சிறுவனை நோக்கியே பேசின. 1989 இல் அந்நிறுவனம் வெளியிட்ட கைக்கருவியின் பெயரே ‘கேம் போய்’. பெயரளவிலேனும், குடும்பம் சிறுவனாகச் சுருங்கியது.

நமது சூழலில் இது எவ்வாறு பொருந்தியது என்பதை அடுத்து நோக்கலாம். 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கையை அடுத்து இறக்குமதி மின்பொருள்கள் புறக்கோட்டைக் கடைகளை நிறைத்தன. பின்னாளில் அவ்வழியே வந்த ‘ரீவி கேம்’, அயலிலுள்ள ஜிந்துப்பிட்டி போன்ற பகுதிகளின் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. ஒழுங்கைக் கிரிக்கெற் ஆண்பிள்ளையின் உரிமை, வீட்டின் உட்புறம் பெண்பிள்ளையின் எல்லை எனக் கொள்ளப்பட்ட சூழல் அது. ரீவி கேமோ வீட்டினுள்ளே ஆடப்படுவது. வெளியே செல்லத் தடையுள்ள பெண்பிள்ளைக்கே அது முதலில் உரியதாயிருத்தல் வேண்டும். ஆயின், போர்வீரரும் பந்தயக் கார்களும் பொறித்த பெட்டி அது யாருக்குரியது என்பதை முன்னரே கூறிவிட்டது. அண்ணன் ஆட, தங்கை பார்த்திருந்தாள்.

எனினும், விளம்பரம் ஒன்றையே காரணமாகக் காட்டுதல் முழுமையான விளக்கமாகாது. வீட்டில் ஏற்கெனவே நிலவிய பேதமே விளம்பரத்துக்கு இடங்கொடுத்தது. அப்பேதத்துக்கு வணிகம் புதியதொரு பண்டத்தை வழங்கி, இயற்கையின் சாயலையும் பூசியது எனலாம்.

இதன் விளைவு விளையாட்டுடன் முடிவதன்று. பிள்ளைகள் பலர் கணினியுடன் கொள்ளும் முதல் உறவு விளையாட்டு வழியே ஏற்படுகிறது. அமெரிக்காவில் கணினி விஞ்ஞானப் பட்டம் பெற்றோருள் பெண்களின் பங்கு 1984 அளவில் மூன்றிலொன்றுக்கும் மேலாக உயர்ந்து, பின்னர் வீழ்ந்தது. வீட்டுக் கணினி சிறுவனுக்கென விளம்பரப்படுத்தப்பட்டமை இதன் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்படுகிறது. அதே நாட்டில் இன்று வீடியோ விளையாட்டு ஆடுவோருள் ஏறத்தாழ அரைப்பங்கினர் பெண்கள். விருப்பம் பிறப்பால் அமைந்ததாயின் இம்மாற்றம் நிகழ்ந்திராது.

பெட்டியின் மேலுள்ள படத்தை மாற்றுதல் வணிகரின் பொறுப்பு. வீட்டிலுள்ள கருவியை முதலில் யாரிடம் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்போர் பெற்றோரே.