மௌக்லியின் இரு வீடுகள்: ‘ஜங்கிள் புக்’ சித்திரத்தொடரும் திரைப்படமும் – ஒரு மும்பைத் தமிழ் நோக்கு

முன்னுரை

கதை ஊடகம் மாறும்போது தன் மூலத்தை எந்த அளவிற்குக் காத்து நிற்கிறது என வினவுவது ஒப்பாய்வின் வழக்கமான தொடக்கமாகும். நூல் திரைப்படமானால் இவ்வினாவிற்கு விடை காண்பது எளிது. நூலை அருகில் வைத்துக்கொண்டு ஒப்பிடலாம். குழந்தைப் பருவத்தில் வாரந்தோறும் பார்த்துப் பழகிய சித்திரத்தொடர், அதாவது மக்கள் வழக்கில் ‘கார்ட்டூன்’, திரைப்படமாகும்போது வினா சிக்கலாகிறது. அங்கு மூலத்தின் ஒரு பகுதி பார்த்தவரின் நினைவில் தங்கியிருக்கிறது. அந்நினைவும் ஆய்வுக்குரிய சான்றே என்னும் கருத்தில் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

1993இல் தூர்தர்சனில் இந்தி மொழியில் ஒளிபரப்பான ‘ஜங்கிள் புக்’ தொடரும், 2016இல் ஜான் ஃபாவ்ரோவின் இயக்கத்தில் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட அதே பெயருடைய திரைப்படமும் இங்கு ஒப்புநோக்கப்படுகின்றன. கட்டுரையாளர் தாராவியில் வளர்ந்தவர். அத்தொடரின் நெடுநாளைய சுவைஞர். எனவே நடுநிலை நோக்கு என்பதைவிட, காரணம் காட்டும் விருப்பு வெறுப்பு என்றே இதனைக் கொள்ளுதல் தகும்.

தொடரின் பிறப்பும் வரவும்

இத்தொடரை உருவாக்கியது ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம். 1989 அக்டோபர் முதல் 1990 அக்டோபர் வரை 52 பகுதிகளாக அது ஜப்பானில் ஒளிபரப்பாயிற்று. இந்தியாவிற்கு வந்தபோது குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த தலைப்புப் பாடல் ஒன்று அதற்குப் புதிதாக அமைந்தது. உள்ளாடையைக் குறிக்கும் தெருவழக்குச் சொல் ஒன்றைக் குல்சார் அப்பாடலில் அஞ்சாமல் வைத்தார். அச்சொல்லாலேயே அது குழந்தைகளின் பாடலாயிற்று எனலாம். புலியாகிய ஷேர்கானுக்கு மராத்தி நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்த நானா படேகர் குரல் கொடுத்தார்.

மூலக்கதையாசிரியர் ரட்யார்டு கிப்ளிங் மும்பையில் பிறந்தவர் என்பதும் இங்குக் கருதத்தக்கது. அவர் தந்தை ஆசிரியராகப் பணியாற்றிய சர் ஜே.ஜே. கலைப்பள்ளி வளாகத்தில், 1865 டிசம்பர் 30 அன்று அவர் பிறந்தார். ஆயாவிடமும் வேலையாட்களிடமும் இந்துஸ்தானி பேசி வளர்ந்த அவர், பெற்றோர் முன் செல்லும்போது மட்டும் ஆங்கிலம் பேசப் பணிக்கப்பட்டதைத் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். ஆறு வயது நிறையுமுன் இங்கிலாந்திற்கு அனுப்பப்பட்டார். பேரரசுக் கருத்தியலின் குரலாக அவர் பின்னர் விளங்கியது மறுக்கவியலாதது. ஆயினும் இரு மொழிகளுக்கிடையே வளர்ந்து, ஒன்றைவிட்டு மற்றொன்றிற்குப் பெயர்க்கப்பட்ட குழந்தையின் தவிப்பை அவர் உள்ளிருந்து அறிந்தவர். 1894, 1895 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இரு கானக நூல்களின் மௌக்லி கதைகளுக்கு அத்தவிப்பே அடித்தளம் எனக் கருதலாம்.

மும்பைத் தமிழ்ச் சிறாரும் மௌக்லியும்

நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோர் தாராவியில் குடியேறினர். அலுவலகப் பணிக்கு வந்தோர் மாட்டுங்காவில் கோயில்களும் கல்விக்கூடங்களும் அமைத்தனர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றியது. பின்னர்ச் செம்பூரிலும் தமிழர் பெருகினர். தொழிலாலும் சமூகநிலையாலும் இம்மூன்று பகுதியினரும் பெரிதும் வேறுபட்டவர்கள். எனினும் இவர்தம் சிறார்க்கு ஒரு பொதுநிலை உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் மும்பை இந்தி, பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும் என ஒரே நாளில் பல மொழி மாறுதல் அவர்கட்கு இயல்பு. சன் தொலைக்காட்சி தொடங்கப்பட்டதே 1993 ஏப்ரலில்தான். எனவே அக்காலச் சிறாரின் சித்திரத்தொடர் உலகம் முழுவதும் இந்தியிலேயே அமைந்தது.

இன்னொரு பொதுநிலையும் உண்டு. மும்பைத் தெருவில் இச்சிறார் ‘மதராசி’ எனப்பட்டனர். கோடை விடுமுறையில் நெல்லைக்கோ தஞ்சைக்கோ சென்றால் அங்கு அவர்கள் ‘பம்பாய்க்காரப் பிள்ளைகள்’. மும்பையில் பிறந்திருந்தும் சொந்த ஊர் எதுவென்று கேட்டால் தாம் பிறவாத ஊரின் பெயரையே கூறினர். 1966க்குப் பின்னர் எழுந்த தென்னிந்தியர் எதிர்ப்பியக்கத்தைப் பெற்றோர் நினைவு வைத்திருந்தனர். 1992 டிசம்பரிலும் 1993 சனவரியிலும் நிகழ்ந்த கலவரங்களில் தாராவியும் எரிந்தது. அதே ஆண்டின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், ஓநாய்க் கூட்டத்தில் வளரும் மனிதப்பிள்ளையை ‘இவன் நம்மவனா?’ என்று விலங்குகள் வினவும் தொடர் வந்தது. வினாவின் பொருளை எவரும் அச்சிறார்க்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெயரும் மரபும்

கிப்ளிங் தம் விலங்குகட்கு இந்துஸ்தானிச் சொற்களையே பெரும்பாலும் பெயராக இட்டார். ‘பாலு’ என்பது கரடி. ‘அகேலா’ என்பது தனித்தவன். ‘ஹாத்தி’ என்பது யானை. இந்தி கேட்கும் குழந்தைக்கு இவை பெயராகவும் பொருளாகவும் ஒருங்கே ஒலிக்கும். தமிழ் மட்டும் அறிந்த குழந்தைக்குப் ‘பாலு’ என்பது பாலசுப்பிரமணியத்தின் சுருக்கம். மும்பைத் தமிழ்க் குழந்தைக்கோ இரண்டும் கேட்கும். அடுத்த வீட்டுப் பாலு அண்ணனும் காட்டுக் கரடியும் ஒரே பெயரில் வந்து நிற்பர்.

கதை முழுவதும் மௌக்லியைச் சுட்டும் தொடர், மனிதனுக்கு விலங்கின் இளமைப்பெயரை இட்டு வழங்குவதாகும். தொல்காப்பிய மரபியலை அறிந்தார்க்கு இதன் நுட்பம் விளங்கும். ஒன்பது இளமைப்பெயர்களை வகுத்த மரபியல், மக்களுக்குக் குழவி, மகவு என்னும் இரண்டுமே உரியன என வரையறுத்தது. குருளை என்பது நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றிற்கு உரியது. மௌக்லியைக் ‘குருளை’ என்றால் மரபு வழுவாகும். அவ்வழுவே கதையின் உயிர்நிலை. நாயினமும் புலியினமும் பங்கிடும் அப்பெயர், அவனை வளர்த்த ஓநாய்க்கும் அவனைக் கொல்ல வரும் புலிக்கும் நடுவே நிறுத்துகிறது. மேலும், மக்களுக்குரிய இரு பெயர்களையும் மரபியல் குரங்கினத்திற்கும் உடன்படுகிறது. சட்டமற்ற குரங்குக் கூட்டம் மௌக்லியைத் தன்னினமெனக் கவர்ந்து செல்லும் நிகழ்ச்சியை இந்நோக்கில் படித்தால் புதுப்பொருள் தோன்றும். எப்பெயரை எவர்க்கு வழங்குவது என்பது சொல்லளவில் நிற்பதன்று. எவர் எக்கூட்டத்தினர் என்று வரையறுக்கும் செயலும் ஆகும்.

திரைப்படத்தின் சிறப்புகள்

2016ஆம் ஆண்டுத் திரைப்படம் டிஸ்னியின் 1967ஆம் ஆண்டுச் சித்திரப்படத்தின் மறுவாக்கமே. ஜப்பானியத் தொடருக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் இந்தியாவில் அது தூர்தர்சன் நினைவின் மறுவருகையாகவே முன்வைக்கப்பட்டது. பழைய தலைப்புப் பாடலைக் குல்சாரும் விஷால் பரத்வாஜும் விளம்பரத்திற்கென மீண்டும் அளித்தனர். இந்திப் பதிப்பில் ஷேர்கானாக மீண்டும் நானா படேகரே பேசினார். அமெரிக்காவிற்கு ஒரு வாரம் முன்னதாக, 2016 ஏப்ரல் 8 அன்று, ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளில் படம் இங்கு வெளியாயிற்று. அதுவரை இந்தியாவில் திரையிடப்பட்ட ஹாலிவுட் படங்கள் அனைத்தையும் வசூலில் விஞ்சியது.

படத்தின் சிறப்புகளை மறுப்பதற்கில்லை. நீல் சேத்தி என்னும் சிறுவன் ஒருவனைத் தவிரக் கானகமும் விலங்குகளும் ஏறத்தாழ முழுமையாகக் கணினியில் பிறந்தவை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் படப்பிடிப்புக் கூடத்தில் எடுக்கப்பட்ட இப்படத்தின் காட்சியாக்கத்தில் பெங்களூருக் கலைஞர்களும் பங்குகொண்டனர். காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் விருது 2017இல் கிடைத்தது. வறட்சிக் காலத்தில் நீர்நிலைப் பாறை வெளிப்பட்டதும் வேட்டை நிறுத்தப்பட்டு, புலியும் மானும் அருகருகே நீர் அருந்தும் காட்சி கிப்ளிங்கின் இரண்டாம் நூலிலிருந்து எடுத்தாளப்பட்டது. பொதுநீரின் முன் பகை அடங்கும் அக்காட்சியில் சட்டம் என்பது அச்சத்திற்கும் அப்பாற்பட்டதாகத் தோன்றுகிறது. தாய் ஓநாய் மௌக்லியைப் பிரியும் இடமும் மிகையின்றி அமைந்துள்ளது.

குரலும் நினைவும்

பழைய சுவைஞர்க்கு இந்திப் பதிப்பில் முதலில் மகிழ்வளித்தது ஷேர்கானின் குரல். இருபத்து மூன்று ஆண்டுகள் கடந்தும் அக்குரலின் மராத்திச் சாயல் மும்பைக்காரர்க்குத் தம் தெருவையே நினைவூட்டியது. பஞ்சாபி வழக்கில் பாலுவைப் பேசவைத்த இர்பான் கானின் தேர்வும் நயமானது.

ஆனால் தமிழ்ப் பதிப்பைப் பார்க்கும் மும்பைத் தமிழர்க்கு இந்நினைவின் உதவி இல்லை. தாய்மொழியில் கேட்கும்போது கதை அந்நியமாகவும், பிறமொழியில் கேட்கும்போது சொந்தமாகவும் தோன்றும் முரணை இங்குக் காண்கிறோம். சித்திரத்தொடரின் நினைவு உருவத்தைவிடக் குரலிலேயே ஆழப் பதிந்திருத்தல் இதற்குக் காரணமாகலாம். புலம்பெயர்ந்தோரின் குழந்தை இலக்கியத்தை ஆராய்வோர், தமிழில் எழுதப்பட்டவற்றோடு பிறமொழியில் கேட்கப்பட்டவற்றையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

தொடரில் மலைப்பாம்பாகிய கா மௌக்லியின் துணை, கிப்ளிங்கிடமும் அவ்வாறே. திரைப்படம் 1967ஆம் ஆண்டுச் சித்திரப்படத்தைப் பின்பற்றி அதனை மயக்கி விழுங்கும் பகையாக்கியது. அச்சம் தரும் தோற்றமுடைய உயிரும் அறிவுடைய நட்பாகலாம் என்பதைத் தொடர் பல வாரங்களில் மெல்ல உணர்த்தியது. இரண்டு மணி நேரத்திற்கும் குறைந்த திரைப்படத்தில் அதற்கு இடமில்லை. 52 பகுதிகளில் எதுவும் நிகழாத பொழுதுகளும் இருந்தன. குட்டிகள் கற்றன, விளையாடின. படமோ துரத்தலிலிருந்து துரத்தலுக்குத் தாவுகிறது. மத்தியத் தணிக்கை வாரியம் சிறார் பெற்றோருடன் பார்க்கத்தக்கது என்னும் வகையில் சான்றளித்தபோது பலர் நகைத்தனர். எனினும் கதை அச்சத்தை நோக்கி நகர்ந்துவிட்டதற்கு அதுவும் ஒரு குறிப்பே.

முடிவில் நேர்ந்த மாற்றம்

படத்தின் பெருங்குறை அதன் முடிவில் உள்ளது. கிப்ளிங்கின் மௌக்லியை ஓநாய்க் கூட்டம் விலக்குகிறது. சூனியக்காரன் எனக் கருதி ஊராரும் கல்லெறிந்து விரட்டுகின்றனர். இரு வாயில்களும் அடைபட்ட நிலையில் தன்னுள்ளே இரு மௌக்லிகள் போரிடுவதாக அவன் பாடுகிறான். பல்லாண்டுகளுக்குப் பின்னரே மனிதரிடம் செல்கிறான். ஜப்பானியத் தொடர் இக்கடுமையைத் தணித்தாலும் சிக்கலைக் கைவிடவில்லை. பிற்பகுதியில் ஊரும் ஊர்மக்களும் இடம்பெறுகின்றனர். இறுதியில் மௌக்லி ஊரில் வாழச் செல்கிறான், கானக உறவும் அறாமல் நிற்கிறது. இரு வீடுகளும் அவனுக்கு உண்டு. இரண்டிலும் அவன் முழுமையாக அடங்குவதில்லை.

2016ஆம் ஆண்டுப் படத்தில் ஊர் என்பது இருளில் தெரியும் தீ வெளிச்சம் மட்டுமே. மௌக்லி அங்கிருந்து தீப்பந்தம் ஒன்றைக் கவர்ந்து வருகிறான். மனிதர் எவரோடும் ஒரு சொல் பேசுவதில்லை. புலி மடிந்ததும் காட்டிலேயே தங்கிவிடுகிறான். மனித அறிவும் கானக வாழ்வும் அவனிடம் இணைந்தன என்பது இயக்குநரின் கருத்தாகலாம். கருவி செய்யும் திறனை விலங்குகள் ஏற்றுக்கொள்வது அதற்குச் சான்று. ஆயினும் ஊரைச் சந்திக்காதவன் ஊரைத் துறந்தான் எனல் பொருந்தாது. தேர்வின் வலி இல்லாத முடிவு அது. 2018இல் ஆண்டி செர்கிஸ் இயக்கத்தில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ‘மௌக்லி’ படம் கலையமைதியில் குறைந்ததாயினும், சிறுவனை ஊருக்குள் வாழவிட்ட வகையில் இச்சிக்கலை நேர்கொண்டது.

குழந்தைகட்கு இன்பமுடிவு தேவை என்று வாதிடலாம். தொடரின் முடிவும் இன்பமுடிவே. அது பிரிவையும் உள்ளடக்கிய இன்பம். ‘உனக்கு ஓர் இடமே உண்டு, அங்கேயே இரு’ என்னும் தீர்ப்பு இரண்டு ஊர்களைச் சொந்தமாகக் கொண்ட பிள்ளைக்கு ஆறுதலாகாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஜப்பானியர் வரைந்து, இந்தியில் பேசி, மும்பையில் பிறந்த ஆங்கிலேயரின் கதையைக் கூறிய தொடர் மும்பைத் தமிழ்ச் சிறாரின் இலக்கிய அனுபவத்தில் உரிய இடம் பெற்றுள்ளது. இரண்டாவது, 2016ஆம் ஆண்டுத் திரைப்படம் அத்தொடரின் பாடலையும் குரலையும் மீட்டளித்தது. அவற்றைச் சுமந்த வினாவை மீட்கவில்லை. மூன்றாவது, காட்சித் திறனில் படம் தொடரைப் பன்மடங்கு விஞ்சியபோதும், மௌக்லியின் இரட்டை உரிமையைக் காத்தது எளிய கோடுகளால் வரையப்பட்ட அத்தொடரே.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இன்று வளரும் தமிழ்ச் சிறார்க்கு ‘சொந்த ஊர் எது?’ என்னும் வினா இன்னும் ஓயவில்லை. இரண்டு பெயர்களைக் கூறி விடையளிக்கும் உரிமையை அவர்கட்கு வழங்கும் கதைகள் தமிழில் எழுதப்படுதல் வேண்டும்.