மறைகதவும் மதுக்கிண்ணமும்: நியூயோர்க் மதுக்கூடங்களின் அழகியல் பற்றி ஒரு நோக்கு

மாலைப் பொழுதைக் கழிப்பதற்கென நகர மாந்தர் அமைத்துக்கொண்ட நிறுவனங்களுள் நாடக அரங்கும் திரையரங்கும் விமர்சகரின் கவனத்தைப் பெற்ற அளவுக்கு மதுக்கூடம் பெற்றதில்லை. அது ஒழுக்கம் போதிப்போருக்கும் மதுவரித் திணைக்களத்துக்கும் உரிய பொருளென ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆயின், கடந்த கால் நூற்றாண்டுக் காலத்தில் நியூயோர்க்கிலே உருப்பெற்று உலகின் பெருநகரங்கள் பலவற்றுக்கும் பரவிய 'கைவினைக் கொக்டெயில்' மதுக்கூடம் தன்னை ஒரு கலையரங்காகவே முன்வைக்கிறது. வாயில், ஒளி, இசை, பணியாளரின் உடை, அவர்தம் உரை யாவும் நெறியாளர் ஒருவரின் கைபட்டவை. கலையென்று உரிமை கோருவதைக் கலைக்குரிய அளவுகோல் கொண்டு மதிப்பிடுவதே முறையாகும். அவ்வாறு நோக்குமிடத்து, உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையே ஒரு முரண்பாடு அங்கு புலப்படுகின்றது.

இவ்வடிவத்தின் முன்மாதிரி, சாஷா பெட்ராஸ்கி 1999ஆம் ஆண்டின் இறுதி இரவில் மன்ஹாட்டனின் எல்ட்ரிட்ஜ் வீதியில் திறந்த 'மில்க் அன்ட் ஹனி' என்ற சிறு மதுக்கூடமாகும். அதற்குப் பெயர்ப்பலகை இருக்கவில்லை. தொலைபேசி இலக்கத்தை அறிந்தோர் முன்கூட்டியே சொல்லிவைத்து வரவேண்டும். நால்வருக்கு மேற்பட்ட குழுவுக்கு இடமில்லை. உரத்த குரல் ஆகாது. ஆடவர் தாமாகச் சென்று அறிமுகமில்லாப் பெண்களுடன் பேச்சுத் தொடுத்தலும் ஆகாது. பெண்ணொருத்தி தனித்து வந்து தொல்லையின்றி ஒரு கிண்ணம் அருந்திச் செல்ல இவ்விதி இடமளித்தது. இவற்றையெல்லாம் வெறும் பகட்டென்று தள்ளிவிட இயலாது. குடியிருப்புகள் நிறைந்த வீதியில் அயலவரின் உறக்கம் கெடாதிருக்க வேண்டும் என்ற நடைமுறைத் தேவையே அம்மறைவுக்கு முதற் காரணம். ஜப்பானிய மதுக்கூடங்களின் அமைதியும் பெட்ராஸ்கியைக் கவர்ந்திருந்தது. அங்கே உருவம் தேவையிலிருந்து பிறந்தது.

அத்தகைய ஓரிடத்துக்கு முதன்முறையாகச் செல்பவன் காண்பது யாது? முதலிற் கண்ணிற்படுவது பனிக்கட்டி. கண்ணாடிபோற் தெளிந்த பெருங்கட்டி அது. நீரை ஒரு திசையிலிருந்து மாத்திரம் மெல்ல உறையவைத்தால் காற்றுக் குமிழிகளும் மாசுகளும் மறுமுனைக்குத் தள்ளப்படும். அப்பகுதியை வெட்டியெறிந்தபின் எஞ்சுவதே இத்தெளிவு. பெருங்கட்டி மெதுவாகவே கரையும். கரைவதும் ஒரு சேர்மானமே என்பது இக்கலையின் நுட்பம்: கிண்ணத்தை வந்தடையும் பானத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு பனிக்கட்டி விட்ட நீராக இருத்தல் கூடும். மதுவகைகள் மட்டும் சேர்ந்த கலவை கரண்டியாற் கலக்கப்படும். தேசிப்புளி சேர்ந்தது குலுக்கப்படும். ரம், தேசிச்சாறு, சீனி என்னும் மூன்றினாலாகும் டைக்குயிரியில் அளவு சிறிது பிசகினாலும் நாக்கு கண்டுகொள்ளும். தூள்ப்புளியும் போத்தற் பாகும் கொண்டு நிரப்பப்பட்ட பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் புதிதாய்ப் பிழிந்த சாற்றையும் அளவுக் கிண்ணத்தையும் மீட்டுத் தந்தமை இவ்வியக்கத்தின் மெய்யான சாதனை. உணவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிறு தட்டுகளில் வருபவை அடுத்த கிண்ணத்துக்கு நாவை ஆயத்தஞ் செய்வன. பசியுடன் செல்பவன் பசியுடனேயே மீள்வான்.

குறை கதவிலே தொடங்குகிறது. பெட்ராஸ்கியைப் பின்பற்றியோர் கதவை எடுத்துக்கொண்டனர்; காரணத்தை விட்டுவிட்டனர். 2007இல் திறக்கப்பட்ட 'பிளீஸ் டோன்ற் ரெல்' என்னும் மதுக்கூடத்துக்குள் ஹொட்டோக் கடையொன்றின் தொலைபேசிக் கூண்டு வழியாகவே நுழைய வேண்டும். 'தயவுசெய்து சொல்லாதீர்' என்பது பெயரின் பொருள். சொல்லப்பட்டே அது உலகப் புகழ் பெற்றது. அங்கே பானங்கள் சிறந்தவை என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் பின்னர் எங்கெங்கும் நூலடுக்குகளுக்குப் பின்னாலும் வெற்றுச் சுவர்களுக்குப் பின்னாலும் கதவுகள் முளைத்தன. இவை நினைவூட்ட விரும்பும் காலம் அமெரிக்க மதுவிலக்குக் காலம். 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து 1933 டிசம்பரில் நீக்கப்பட்ட அச்சட்டத்தின் கீழ் இரகசியமாக இயங்கிய குடியகங்களின் வேடத்தையே இவை புனைகின்றன.

ஆனால் கொக்டெயிற் கலை அக்காலத்துக்குரியதன்று. 1806இலேயே நியூயோர்க் மாநிலத்துச் செய்தித்தாள் ஒன்று மதுசாரம், சீனி, நீர், கசப்புச்சாறு என்ற நான்கின் கூட்டே கொக்டெயில் என வரையறுத்துவிட்டது. ஜெரி தோமஸின் செய்முறை நூல் 1862இல் வெளிவந்தது. திறந்த வாயிலையுடைய தவறணைகளிலும் ஹோட்டல்களிலும் வளர்ந்த கலை இது. மதுவிலக்கு அதனை வளர்க்கவில்லை, கொன்றது. கைதேர்ந்தோர் தொழிலிழந்தனர், சிலர் கடல் கடந்தனர். நியூயோர்க்கில் தொழில் புரிந்த ஹரி கிரடொக் இலண்டன் சவோய் ஹோட்டலிற் சேர்ந்து 1930இல் தம் நூலை வெளியிட நேர்ந்தது இதனாலேயே. ஆகவே, இன்றைய மதுக்கூடம் தன் கிண்ணத்தை ஒரு காலத்திலிருந்தும் தன் கதவை அக்கிண்ணத்தை உடைத்த காலத்திலிருந்தும் பெற்றுக்கொண்டிருக்கிறது. முரண்பாடு என மேலே குறித்தது இதனையே.

இது வெறும் காலவழு எனில் மன்னித்துவிடலாம். மறைகதவின் கவர்ச்சி மறைப்பது வேறொன்று. சட்டம் மதுவின் உற்பத்தியையும் விற்பனையையும் கொண்டுசெல்லலையும் தடுத்ததேயன்றி, முன்னரே வாங்கி வைத்திருந்ததை வீட்டில் அருந்துவதைத் தடுக்கவில்லை. செல்வர் தம் நிலவறைகளை நிரப்பிக்கொண்டனர். இல்லாதோர் குடித்தது ஈழத்தவர் கசிப்பு என்னும் சொல்லால் நன்கறிந்த வகையைச் சார்ந்தது. மருந்தென்ற பெயரில் விற்கப்பட்ட 'ஜமேக்கா இஞ்சி'ச் சாரம் அவற்றுளொன்று. அரசாங்கப் பரிசோதனையை ஏய்க்கும் பொருட்டு உற்பத்தியாளர் அதில் ஓர் இரசாயனத்தைக் கலந்தனர். 1930இல் பல்லாயிரவர் கைகால் முடங்கினர். பெரும்பாலோர் வறியவர். அவர்களது தள்ளாட்ட நடை அக்காலப் புளூஸ் பாடல்களிலே பதிவாயிற்று. நியூயோர்க்கின் எந்த மறைகதவும் அவர்களை நினைவூட்டுவதில்லை. ஆண்களுக்கே உரியதாயிருந்த குடியகத்தில் பெண்கள் அமரத் தொடங்கியது அவ்விரகசிய இடங்களில்தான் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லவேண்டும். ஆயினும் அது அக்கதவுகளின் நோக்கமன்று, பக்கவிளைவே.

இன்னொரு மறதி இதனினும் பாரதூரமானது. இத்தகைய கூடமொன்றின் பானப்பட்டியலைப் படித்தால், விஸ்கி வடிக்கப்பட்ட ஊர், தேன் எடுக்கப்பட்ட பண்ணை, கசப்புச்சாறு தயாரித்தவர் என யாவும் பெயர் சுட்டப்பட்டிருக்கும். சுவரிலே மீசை முறுக்கிய வெள்ளை மனிதரின் படம் தொங்கும். கலையை வளர்த்த கறுப்பின மக்களின் பெயர் அங்கே அரிது. வேர்ஜினியாவின் ரிச்மண்ட் நகரத்து ஜோன் டாப்னி அடிமையாகப் பிறந்தவர்; புதினா இட்டுச் செய்யும் மின்ற் ஜூலெப்புக்குப் பேர்பெற்று, அவ்வருவாயைக் கொண்டு தம் மனைவியின் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றவர். ஒருவரின் கைத்திறன் இன்னொருவரின் விடுதலைக்கு விலையாகும் நிலை இருந்த நாட்டில் 'கைவினை' என்ற சொல்லை எளிதில் உச்சரித்துவிட முடியாது.

செயின்ற் லூயிஸ் நகரத்து டொம் புல்லக்கின் கதை இதன் தொடர்ச்சி. 1872இல் லூயிவில்லிற் பிறந்த இவர் செல்வந்தரின் கழகமொன்றில் பானங் கலப்பவராயிருந்தார். 1913இல், தம்மைக் குடிகாரரென எழுதிய பத்திரிகாசிரியர் ஒருவர்மீது முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் தொடுத்திருந்த அவதூறு வழக்கு விசாரணைக்கு வந்தது. அக்கழகத்தில் ஒரு ஜூலெப்பைச் சிறிது சுவைத்ததுண்டு என அவர் சாட்சியம் கூறியதும், புல்லக்கின் கைப்பானத்தை மிச்சம் வைத்தவர் எவருமுண்டோ என அந்நகரப் பத்திரிகை எள்ளி நகையாடிற்று. ரூஸ்வெல்ற் வழக்கில் வென்றார். இழப்பீடு ஆறு சதம். 1917இல் புல்லக் தம் செய்முறைகளை நூலாக வெளியிட்டார். அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் எழுதியதாக அறியப்பட்ட முதலாவது கொக்டெயில் நூல் அது. முன்னுரை எழுதியவர் ஜோர்ஜ் ஹேர்பேர்ட் வோக்கர். அவருடைய பேரனும் அப்பேரனின் மகனும் பிற்காலத்தில் ஜனாதிபதிகளாயினர். மூன்றாண்டுகளிற் சட்டம் வந்தது. புல்லக்கின் தொழில் குற்றமாயிற்று.

எல்ட்ரிட்ஜ் வீதியின் அச்சிறு கூடத்தில் 2013 முதல் 'அற்றாபோய்' என்ற மதுக்கூடம் இயங்கத் தொடங்கியது. நடத்துவோர் பெட்ராஸ்கியிடம் பயின்ற இருவர். அங்கே அச்சிட்ட பட்டியல் இல்லை. என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். புளிப்பா, கசப்பா, புகைமணமா என்று வந்தவர் சொல்ல, பானம் வருகிறது. பட்டியலற்ற இம்முறையில் பெயர்கள் யாவும் கலப்பவரின் நினைவிலேயே தங்கியுள்ளன. ஜூலெப் ஒன்று கேட்கப்படும் இரவில் அவர் எவரது பெயரைச் சொல்லி அதை மேசைமேல் வைக்கிறார் என்பதே அங்கு கவனித்தற்குரியது.