வினைமுதல் இல்லாத தூண்கள்: புதுச்சேரிக் கடற்கரையில் செஞ்சிக் கற்கள்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சூழ்ந்து எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. சுற்றுலாக் கையேடுகள் பெரும்பாலும் அவற்றைச் ‘செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை’ என்ற ஒரு தொடரோடு கடந்துவிடுகின்றன. இச்செயப்பாட்டுவினைத் தொடரில் வினைமுதல் இல்லை. எக்கட்டடத்திலிருந்து, எவரால், எதற்காக என்னும் வினாக்கள் மூன்றும் அதற்குள் மறைந்துபோகின்றன.

செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்திலுள்ள வேங்கடரமணர் கோயில் 16ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலப் பணி. அதன் தூண்களைப் பிரெஞ்சியர் பெயர்த்துச் சென்றனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1750இல் புஸ்ஸியின் படை செஞ்சியைக் கைப்பற்றியது. 1761 வரை அது பிரெஞ்சியர் வசமிருந்தது. பெயர்ப்பு இக்காலத்தது எனக் கொண்டால் ஒரு சிக்கல் எழுகிறது. அதே 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினர். அவ்வழிவைத் தூண்கள் எங்கு, எந்நிலையில் கடந்தன? 1870இல் நிறுவப்பட்ட டூப்ளே சிலைக்கு அவை அணிசெய்தன. இடைப்பட்ட நூறாண்டுக்கு மேலான காலத்தைப் பேசாது, ‘டூப்ளே கொண்டுவந்தார்’ எனச் சுருக்குவது ஆய்வாகாது.

1954க்குப் பின் நடுவிடம் காந்திக்குரியதாயிற்று. டூப்ளே இன்று அதே சாலையின் தென்முனையில் நிற்கிறார். இதனைக் காலனிய நீக்கமாகப் படிப்பது எளிது. ஆனால் அது பாதி வாசிப்பே. மாறியது நடுவிலுள்ள உருவம் மட்டும்; கோயிலைக் கழற்றி ஒரு தலைவரைச் சுற்றி நிறுத்தும் அமைப்பு மாறவில்லை. கூரை தாங்கச் செதுக்கிய தூண்கள் இங்கு எதையும் தாங்கவில்லை. (அவற்றுக்குள் காந்தி சிலைக்கெனத் தனி மண்டபம் இருப்பது இம்முரணைக் கூட்டுகிறது.) உரோமின் கான்ஸ்டன்டைன் வளைவில் பதித்த பழைய புடைப்புச் சிற்பங்கள் எந்தப் பேரரசர் காலத்தவை என்பதை அறிஞர் பிரித்துக் காட்டியுள்ளனர். அத்தகைய கவனம் இத்தூண்களுக்கும் உரியது.

2025 சூலையில் மராத்தியரின் இராணுவ நிலவமைப்புகள் என்ற தலைப்பில் செஞ்சிக் கோட்டை யுனெசுகோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. தூண்கள் அப்பட்டியலின் எல்லைக்கு வெளியே, வேறோர் அரசின் ஆட்சிப் பரப்பில் உள்ளன. அவற்றின் உயரம், அடிச்சதுரம், போதிகை அமரும் தலைப்பகுதி ஆகியவற்றை அளந்து, கோயிலில் எஞ்சிய தூண்களோடும் வெற்றிடங்களோடும் ஒப்பிட்டால் மரபுச் செய்தி உறுதிப்படும் அல்லது வீழும். இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டர்தான்.