தே தாரிக் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத தங்சி

புக்கிட் பெருந்துங்கில் விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டால், ரவாங் வந்து லாதார் நெடுஞ்சாலையைப் பிடித்து ஈஜோக்கில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கோலசிலாங்கூர் ஆற்றுமுகத்தில் படகேறிவிடலாம். சில மாதங்களாக என் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போகின்றன. குறி சியாக்காப், அதாவது நம் கொடுவா. கருவி ஃப்ளை தூண்டில். இந்தக் கட்டுரை கம்பையும் ரீலையும் பற்றியது அல்ல. அவற்றுக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் லைனையும் லீடரையும் பற்றியது.

சாதாரணத் தூண்டிலில் ஈயமோ இரையோ பறந்துபோகும், லைன் அதன் பின்னால் ஓடும். ஃப்ளையில் இது தலைகீழ். முள்ளில் கட்டியிருப்பது எடையே இல்லாத இறகும் மயிரும். அதைத் தூக்கிக்கொண்டு போவது லைனின் எடைதான். நான் வைத்திருப்பது எட்டாம் நம்பர். முதல் 30 அடி 210 கிரெயின், சுமார் 13.6 கிராம். கொடுவாவுக்கு இது போதும். காற்று அடிக்கும் நாளில் ஒன்பது இருந்தால் நல்லது என்று தோன்றும்.

முதலில் செய்த தவறு, மலிவாகக் கிடைத்ததென்று குளிர்நாட்டு ட்ரவுட் லைனை வாங்கியது. காலை பத்து மணிக்கே அது வேகவைத்த மீ போலத் துவண்டு, கம்பின் வளையங்களில் ஒட்டிக்கொண்டது. வெப்பநாட்டு லைனில் உள்நரம்பும் மேற்பூச்சும் விறைப்பானவை, நம் வெயிலுக்கு நிற்கும். அதற்கும் ஒரு குணம் உண்டு. ஏர்கோன் போட்ட காரில் வந்திறங்கியதும் ஸ்பிரிங் மாதிரி சுருண்டுகிடக்கும். படகில் ஏறியதும் கையால் முழு நீளத்துக்கும் இழுத்துவிட வேண்டும். இதைச் சொல்லாமல் விற்ற கடைக்காரர் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

மிதக்கும் லைனா, மெல்ல மூழ்கும் இன்டர்மீடியட்டா? ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இரண்டாவதை வாங்குங்கள். பெரிய ஓதத்தில் இங்கே கடல் நான்கு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். வத்தம் தொடங்கியதும் சதுப்பிலிருந்து வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் ஆற்றுக்குள் கொட்டும். கொடுவா அந்த வாயில்தான் இறாலுக்கும் குஞ்சுமீனுக்கும் காத்து நிற்கும். நீரோட்டம் மிதக்கும் லைனை வளைத்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. மூழ்குவது வினாடிக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம்தான் என்றாலும் ஃப்ளை மீனின் முகத்துக்கு முன்னால் நிற்கிறது.

இனி லீடர், மலாய் நண்பர்கள் சொல்லும் பெராம்புட். பணம் வீணாவது இங்கேதான். ஃப்ளூரோகார்பனை விற்பவர் முதலில் சொல்வது, ‘தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது’ என்பதுதான். அது பொய்யில்லை. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளூரோகார்பனுடையது 1.42, நைலானுடையது அதைவிடக் கூடுதல். மாலத்தீவின் கண்ணாடித் தண்ணீரில் இந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுக்கலாம். சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் தண்ணீர் தே தாரிக் நிறம். கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. பால் டின்னில் தங்சி, அதாவது நைலான் நரம்பு, சுற்றிக்கொண்டு வரும் எங்கள் தோட்டத்து மாமா என் விலையுயர்ந்த சுருளைப் பார்த்துக் கேட்டார்: “தம்பி, மீனுக்கே ஒண்ணும் தெரியல, நீ யாருக்குடா ஒளிக்கிற?”

இங்கே லீடர் தாங்க வேண்டியது உராய்வைத்தான். கொடுவாவுக்கு அறுக்கும் பல் கிடையாது, வாய் உப்புத்தாள் மாதிரி இருக்கும். ஆனால் செவுள் மூடியின் விளிம்பு கத்தி. முள் பட்டதும் மீன் நேரே கண்டல் வேருக்குள் ஓடும், அந்த வேரெல்லாம் சிப்பி. நைலான் 40 பவுண்டையும் ஃப்ளூரோகார்பன் 30 பவுண்டையும் ஒரே ஈயம் கட்டிச் சிப்பி படிந்த கம்பத்தில் தேய்த்துப் பார்த்தேன். முதலில் பிசிறியது மெல்லிய ஃப்ளூரோகார்பன். ஒரே தடிமன் என்றால் அது கொஞ்சம் முந்தும் என்று நினைக்கிறேன், ஆனால் விலைக்கு ஏற்ற அளவு அல்ல. தடிமன்தான் காப்பாற்றுகிறது.

நைலானுக்குக் குறை இல்லாமல் இல்லை. தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் பலமிழக்கும், இழுத்தால் நீளும். அந்த நீட்சி எனக்குப் பிடிக்கும். படகோரத்தில் மீன் தலையை உதறும்போது அதுதான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. முடிச்சும் எளிதாக இறுகும். ஃப்ளூரோகார்பனை எச்சில் தொட்டு ஈரமாக்காமல் இறுக்கினால், உராயும் சூட்டில் முடிச்சு கெட்டுவிடும்.

இப்போது என் அமைப்பு: ஐந்து அடி 40 பவுண்டு நைலான், ஒரே துண்டு. ஒரு பக்கம் லைனின் வளையத்தில் மாட்டும் வளையம், மறுபக்கம் ஃப்ளை தளர்ந்து ஆடும்படி வளைய முடிச்சு. படிப்படியாக மெலிந்து போகும் ஒன்பது அடி லீடரெல்லாம் கலங்கல் தண்ணீருக்கு வேண்டாம். சாதனைப் பட்டியலில் பெயர் வர வேண்டும் என்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஐஜிஎஃப்ஏ விதிப்படி நடுவில் 20 பவுண்டுக்கு மேற்படாத துண்டு இருக்க வேண்டும், முள்ளோடு சேரும் தடித்த துண்டு 12 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. நான் மீன் பிடிக்கத்தான் போகிறேன்.

பிசிறிய துண்டுகளை அங்கேயே வீசாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். போன வாரம் ஆற்றின் மேல்பக்கம், கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போனபோது ஒரு பெரெம்பாங் மரக்கிளையில் யாரோ விட்டுப்போன தங்சி முழம் முழமாகத் தொங்கியது. துடுப்புக்காரர் படகை நிறுத்தி, ஒன்றும் சொல்லாமல் அதை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்தார்.