பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி

அம்பாசிடர் கார் ஓட்டிய பழைய டிரைவர்களின் சீட்டுக்கடியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் கந்தைத் துணியும் கட்டாயம் இருக்கும். சித்திரை வெயிலில் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது, கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வண்டி இருமி நின்றுவிடும். டிரைவர் பதறமாட்டார். பானெட்டைத் தூக்கி, துணியை நனைத்து, பெட்ரோல் பம்பின் மேல் போர்த்துவார். காய்ச்சல்காரன் நெற்றியில் பற்றுப் போடுவது போலவே இருக்கும்.

குறை வடிவமைப்பில்தான். அந்த பம்ப் எஞ்சின் உடம்பிலேயே பொருத்தப்பட்டிருந்தது. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். திரவத்தை இழுக்கும் பம்பால் ஆவியை இழுக்க முடியாது. பிரிட்டனில் 1956இல் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வார்ப்புதான் அம்பாசிடர். குளிர்நாட்டுக்கு வரைந்த எஞ்சின் அறை நம் கோடைக்கு எப்படித் தாங்கும்?

துணியின் ஈரம் உலரும்போது பம்பின் சூட்டை எடுத்துக்கொள்ளும், உள்ளிருக்கும் ஆவி மறுபடி பெட்ரோலாகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். பள்ளியில் அதைப் படிக்காதவர்கள்கூடக் கையாலேயே கண்டுகொண்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் அவர்கள் விரலுக்குத் தெரியும். பம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார்கள்.



இன்றைய பெட்ரோல் கார்களில் மின்பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடந்து அழுத்தத்தோடு எரிபொருளைத் தள்ளுகிறது; ஈரத்துணிக்கு வேலையில்லை. உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தியும் 2014இல் நின்றது.